சென்னையில் சில மாதங்களுக்கு மட்டும் வீடு: எந்த வழி கட்டுப்படியாகும்?

சென்னையில் நான்கு மாதத்துக்கு வீடு வேண்டும் என்று கேட்டால் முதலில் வருவது "பேமிலியா, பேச்சலரா?" என்ற கேள்வி. அடுத்து, "பதினோரு மாசத்துக்குக் குறைஞ்சு கொடுக்கிறதில்லை சார்." இந்தப் பதினோரு மாதக் கணக்கில் பலர் பயந்து பின்வாங்கிவிடுகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவும் அலைச்சலும் வேண்டாம் என்றுதான் பதினொன்றில் நிறுத்தினார்கள். அதற்கு மேல் போகக்கூடாது என்பதற்காக வந்த எண் அது. அதற்குக் கீழே வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஹவுஸ் ஓனரின் தயக்கம் வேறு. ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் வெள்ளையடிக்க வேண்டும், வீடு ஒரு மாதமாவது பூட்டிக் கிடக்கும், மறுபடியும் புரோக்கரைத் தேட வேண்டும். இந்த மூன்று நஷ்டத்துக்கும் பதில் வைத்துக்கொண்டு பேசினால் வழக்கமான வீடே ஆறு மாதத்துக்குக் கிடைக்கும். "குறுகிய கால வீடு" என்று தேடினால் கையில் சிக்குவது ஒன்றரை மடங்கு வாடகைதான். தேட வேண்டியது சாதாரண பதினோரு மாத அக்ரிமென்ட், அதில் சுலபமாக வெளியேற ஒரு வரி.

முதலில் கணக்கு. ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். சாமான் இல்லாத 2 படுக்கையறை வீட்டுக்கு வாடகை 20,000 ரூபாய், மெயின்டனன்ஸ் 2,500, கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் வாடகைக்கு எடுக்க 5,000. ஆக மாதம் 27,500. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, காலி செய்யும்போது பெயின்டிங் பிடித்தம் இன்னொரு மாத வாடகை, இரண்டும் சேர்த்து 40,000. அதே பகுதியில் எல்லாச் சாமானும் உள்ள வீடு மெயின்டனன்ஸோடு 35,000, பெயின்டிங் கிடையாது, கமிஷன் அரை மாதம், அதாவது 17,500. மூன்று மாதம் தங்கினால் இரண்டுமே 1,22,500 ரூபாயில் வந்து நிற்கும். எட்டு மாதம் தங்கினால் முதல் வீடு 2,60,000, இரண்டாவது 2,97,500. மூன்று மாதத்துக்குக் கீழே என்றால் சாமானுள்ள வீடு. அதற்கு மேல் ஒவ்வொரு மாதமும் 7,500 ரூபாய் சாமான் இல்லாத வீட்டின் பக்கம் மிச்சம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். பெயின்டிங் பிடித்தத்தைப் பேசி எடுத்துவிட்டால், இந்த எடுத்துக்காட்டில் மூன்று மாத எல்லை பதினைந்து நாளுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் வாடகையில் ஐந்நூறு குறைக்கப் போராடுவதைவிட பெயின்டிங்கைப் பற்றிப் பேசுவது லாபம்.

இனி வழிகள். நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், ஹவுசிங் ஆகிய நான்கு இணையதளங்களிலும் விலை நிலவரம் தெரிந்துகொள்ளலாம். ஆனால் "எத்தனை மாதம்" என்று வடிகட்டித் தேடுவது அவற்றின் வேலையாக இல்லை. நோபுரோக்கரில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் ஓனர் எண்கள் கொஞ்சம்தான். பிறகு கட்டணத் திட்டம். அந்தக் கட்டணம் கமிஷனைவிடக் குறைவு என்பதால், குறைந்த காலத்துக்கு வருபவருக்கு அது நியாயமான பேரமே. பணம் கட்டும் முன் இலவச எண்களில் மூன்று நான்கு பேரைக் கூப்பிட்டு, வீடு இன்னும் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய விளம்பரங்கள் எல்லாத் தளத்திலும் உண்டு. மற்ற மூன்றிலும் ஓனர் போல விளம்பரம் போட்டிருப்பவர் பெரும்பாலும் புரோக்கராகவே இருப்பார், முதல் கேள்வியாக "நீங்க ஓனரா?" என்று கேட்டுவிட்டால் பத்து நிமிடம் மிச்சம்.

ஓஎல்எக்ஸிலும் பேஸ்புக் குழுக்களிலும் ஒரு மோசடி ஓயாமல் நடக்கிறது. வாடகை சந்தை விலையில் பாதி, படங்கள் பளபளப்பு, "நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, வீட்டைப் பார்க்க கேட் பாஸுக்கு ஒரு தொகை கட்டுங்கள், திரும்பக் கிடைக்கும்" என்பார். அல்லது அவரே உங்களுக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் கோடு அனுப்புவார். பணம் வாங்குவதற்கு யாரும் க்யூஆர் ஸ்கேன் செய்து பின் நம்பர் போட வேண்டியதில்லை. வீட்டுக்குள் நின்று பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கூடாது.

நேரில் தேடுவதுதான் குறுகிய காலத்துக்கு அதிகம் பலிக்கும். அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கும் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரருக்கும் தெரியாமல் அந்தத் தெருவில் வீடு காலியாகாது. அவர்களிடம் "டு-லெட் இருக்கா" என்று மொட்டையாகக் கேட்காமல், "விற்க வைத்திருக்கிற வீடு, இடிக்கப் போகிற பிளாட் ஏதாவது இருக்கா" என்று கேளுங்கள். தியாகராய நகர், அசோக் நகர், கே.கே. நகர், அடையாறு பக்கம் முப்பது நாற்பது வருடப் பழைய அடுக்குமாடிகளை பில்டரிடம் மறுகட்டுமானத்துக்குக் கொடுப்பது இப்போது வழக்கம். கையெழுத்தாகி, திட்ட அனுமதி வந்து, எல்லோரும் காலி செய்வதற்குள் பல மாதம் ஓடும். அந்த இடைவெளியில் பிளாட்டை ஓராண்டுக்கு விட ஓனரால் முடியாது; பூட்டி வைக்கவும் மனசு வராது. இடிக்கப் போகிற சுவருக்கு யாரும் பெயின்டிங் பிடிக்கப் போவதில்லை. அட்வான்ஸும் இரண்டு மாதத்தில் நிற்கும். குறை என்ன என்றால் பராமரிப்பு பூஜ்ஜியம்: லிஃப்ட் நின்றால் நின்றதுதான், மேல்தளத்தில் ஒழுகினால் வாளிதான். குடியேறும் முன் மோட்டாரும் கழிவுநீர்க் குழாயும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் உறுதி செய்துகொண்டால், ஆறு மாதத்துக்கு இதைவிட மலிவான வழி சென்னையில் இல்லை. விற்பனைக்கு வைத்திருக்கும் வீடும் இதே ரகம்; ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாங்க வருபவர்கள் அடுக்களை வரை வந்து பார்ப்பார்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி என்று எழுதிவாங்குங்கள்.

மாதமும் முக்கியம். ஆடியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள்; மார்கழியிலும் அப்படியே. ஆனி கடைசியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டித்தான் கிடக்கும். ஜூலை நடுவில் போய், ஆடியிலேயே குடிவந்து முதல் மாத வாடகையும் தருகிறேன் என்றால் பதினோரு மாதக் கண்டிப்பு தளரும். பள்ளி திறப்பையொட்டிய மே, ஜூனில் அதே ஓனர் உங்கள் போனையே எடுக்க மாட்டார்.

ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி பக்கம் பெரிய குடியிருப்புகளில் சாமானோடு பிளாட்டுகள் நிறைய. ஓனர் வெளிநாட்டில், சாவி ஒரு ஏஜென்டிடம். இங்கே தடை ஓனர் அல்ல, அசோசியேஷன். சில குடியிருப்புகளில் ஆறு மாதத்துக்குக் குறைவாக விடக்கூடாது என்று விதியே உண்டு. குடியேற, காலி செய்ய இரண்டு முறையும் தனிக் கட்டணம். சாமான் ஏற்றும் லிஃப்டுக்கு நேரக் கட்டுப்பாடு. டோக்கன் கொடுக்கும் முன் அசோசியேஷன் அலுவலகத்தில் ஐந்து நிமிடம் நின்று கேட்டுவிடுங்கள். கேட்டில் ஆள் வருவதைச் சரிபார்க்கும் மைகேட் செயலியில் உங்கள் பெயரைக் குடியிருப்பவராகச் சேர்க்காவிட்டால் கேஸ் சிலிண்டர் வரும் ஒவ்வொரு தடவையும் கேட்டில் பஞ்சாயத்து.

சர்வீஸ் அப்பார்ட்மென்ட் ஒரு மாதத்துக்குச் சரி. மூன்றாவது மாதம் பர்ஸ் கதறும். நாள் வாடகையை முப்பதால் பெருக்கிச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், மாத விலை தனியாக உண்டு. ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா? மின்சாரத்துக்கு வரம்பு உண்டா? சமையலறையில் முழுச் சமையல் செய்யலாமா, அல்லது காபி போடுவதோடு சரியா? மூன்றுக்கும் பதில் வாட்ஸ்அப்பில் வாங்குங்கள்.

ஏர்பிஎன்பியில் 28 இரவோ அதற்கு மேலோ உள்ள பதிவுக்குத் தனி ரத்து விதி. வழக்கமான நீண்டகால விதிப்படி, நடுவில் கிளம்பினால் அடுத்த 30 இரவுக்கான பணம் திரும்பாது. எனவே நான்கு மாதத்தை ஒரே பதிவாகப் போடுவதைவிட முதலில் ஒரு மாதம் தங்கிப் பார்த்து நீட்டிப்பது நல்லது. வாடகைக்கு வீடு தேடும் அந்த முதல் மாதத்துக்கான தங்குமிடமாக இதைப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

தனியாள் என்றால் விடுதி. ஒரு மாத அட்வான்ஸ், ஒரு மாத நோட்டீஸ், சாப்பாடு, துணி துவைக்க மெஷின். வெளியேறுவது இதைவிடச் சுலபமான ஏற்பாடு வேறில்லை. 2024 ஜூலை முதல், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரை வாடகை உள்ள விடுதியில் தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மூன்று மாதம் தங்கப் போகிற உங்கள் பில்லில் வரி சேர்த்திருந்தால் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பெண்கள் விடுதிக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். வரவேற்பறையில் அது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரி என்று இருக்கின்றன. மாதக் கணக்கு, நாள் கணக்கு இரண்டும் உண்டு, இணையத்தில் பதியலாம். தனியார் விடுதிகளோடு ஒப்பிட்டால் சுத்தம், பாதுகாப்பு இரண்டிலும் தோழிக்கே நமது ஓட்டு. இடம் கிடைப்பதுதான் பாடு.

சிகிச்சைக்காக வருபவர்கள் கதை தனி. கிரீம்ஸ் சாலை, ஆயிரம் விளக்கு பக்கமும், வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியும் அடுக்களையோடு வாரக் கணக்கில் அறை விடுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஒப்பந்தம், அட்வான்ஸ் தொல்லை இல்லை. ஆனால் மருத்துவமனை வாசலில் ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் இடத்தில் அவருக்கும் ஒரு பங்கு விலையில் ஏறியிருக்கும். தெருவில் இருநூறு மீட்டர் நடந்து நீங்களே கேட்டால் விலை இறங்கும். சிலிண்டர், பாத்திரம், படுக்கைக்குத் தனித்தனி வாடகை கேட்பார்கள், மொத்தமாகப் பேசுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் என்றால், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லும் இடத்தில் தங்கவே வேண்டாம்.

லீசு என்று ஒன்றைப் புரோக்கர் அவிழ்த்து விடுவார்: ஐந்து, எட்டு லட்சம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருங்கள் என்று. ஓராண்டுக்குக் குறைவாகத் தங்குபவர் பக்கத்திலேயே போகக்கூடாது. அந்தப் பணம் அடுத்த லீசுக்காரர் வந்தால்தான் திரும்பும்.

இப்போது அக்ரிமென்ட். புரோக்கர் கணினியில் வைத்திருக்கும் மாதிரியில் "லாக்-இன் காலம் 11 மாதம்" என்றோ "6 மாதம்" என்றோ ஒரு வரி ஒளிந்திருக்கும். அதற்குள் காலி செய்தால் மிச்ச மாத வாடகையை அட்வான்சில் பிடிக்கலாம் என்று அர்த்தம். காலம், நோட்டீஸ் பற்றி எதுவுமே எழுதாவிட்டால் குடியிருப்பு வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும் என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் பொது விதி. எழுதிவிட்டால் எழுதியதுதான் செல்லும். லாக்-இன் வரியை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"ஒப்பந்தக் காலம் 11 மாதம். முதல் 3 மாதம் முடிந்தபின் இரு தரப்பில் யாரும் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் அல்லது மின்னஞ்சல் வழி அறிவிப்பு செல்லும். கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். மீதி முன்பணம் சாவி ஒப்படைக்கும் நாளில் திருப்பித் தரப்படும். பெயின்டிங் பிடித்தம் மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் தங்கிய மாதங்களுக்கு மட்டும்."

கடைசி வரியில் தொகை பேரத்துக்கு உரியது. "தங்கிய மாதங்களுக்கு மட்டும்" என்பதை விட்டுவிடாதீர்கள். பதிலுக்கு ஓனருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும்: நோட்டீஸ் மாதத்தில் புது ஆட்கள் வீடு பார்க்க வர அனுமதி, இரண்டு மாத வாடகை முன்கூட்டியே, இப்படி. வீடு பூட்டிக் கிடக்காது என்று தெரிந்தால் அவர் இறங்கி வருவார்.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்ட காலம் மலையேறிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது. அந்த "வேறு உடன்பாடு" என்ற ஓட்டை வழியாகத்தான் ஆறு மாதம் கேட்கிறார்கள். அதே சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். குறுகிய காலம் என்பதால் மட்டும் அது விலக்காகாது. அதை வாடகை அதிகாரியிடம் இணையவழி பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இந்தப் பதிவு வேறு, பத்திரப் பதிவு அலுவலகப் பதிவு வேறு. ஓனர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு மிரளுவார்கள். முன்பணத் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த எண். வேறொரு வாடகைதாரரின் மிச்ச மாதங்களை நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால், ஓனர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத உள்வாடகை செல்லாது.

கையெழுத்திடும் முன், வாடகை வாங்குபவர்தான் ஓனரா என்று பாருங்கள். சொத்துவரி ரசீதில் உள்ள பெயர், ஈபி கார்டில் உள்ள பெயர், ஆதார் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயரில் வீடு, பையன் கையெழுத்து என்றால் அப்பாவின் அதிகாரக் கடிதம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

வீட்டைப் பார்க்கும்போது குறுகிய காலக்காரருக்கு ஒரு சலுகை உண்டு. வருடம் முழுதும் இருப்பவர் எல்லாப் பருவத்துக்கும் பயப்பட வேண்டும். உங்களுக்கு உங்கள் மாதங்கள் போதும். ஏப்ரல் முதல் ஜூலை வரை என்றால் தண்ணீர்தான் எல்லாம்: போர்வெல் எத்தனை அடி, கடந்த கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினார்களா, அந்தப் பணம் மெயின்டனன்ஸில் சேர்ந்ததா என்று கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள், ஓனரிடம் அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் தரைத்தளம் வேண்டவே வேண்டாம். 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணீர் எந்த உயரம் நின்றது என்பதைக் காம்பவுண்டுச் சுவர்க் கறையே காட்டும்.

ஈபி மீட்டர் தனியா என்று பாருங்கள். மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு குடித்தனம் ஒரே மீட்டரில் இருந்தால் அந்த இலவசம் ஒரு முறைதான். மொத்த யூனிட் கூடக்கூட விலைப்படியும் ஏறும். ஓனர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் கேட்பது இந்தச் சாக்கில்தான். குடியேறும் நாளில் மீட்டரைப் படமெடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாள் இரண்டு ரீடிங்குக்கு நடுவில் விழும். அப்போது தோராயமாக இரண்டாயிரம் பிடிப்பதை அந்தப் படம் தடுக்கும்.

சமையலுக்குப் புது இணைப்பு எடுக்க அலைய வேண்டாம். இண்டேனின் சோட்டு போன்ற 5 கிலோ சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டை காட்டினாலே ஏஜென்சியிலும் பல பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். கிலோ விலை அதிகம். ஆறு மாதத்துக்குக் கவலையில்லை. ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு துணைக்கு. ரெண்டோமோஜோ, ஃபர்லென்கோ போன்ற நிறுவனங்களில் சாமான் வாடகைக்கு எடுத்தால் 3 மாதத் திட்டத்தின் மாதத் தொகைக்கும் 12 மாதத் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். குறைவாக இருக்கிறதே என்று 12-ஐத் தேர்ந்தால் பாதியில் திருப்பும்போது அந்த வித்தியாசத்தை வசூலித்துவிடுவார்கள். இணைய இணைப்பில் ஆறு மாதம் முன்பணம் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். நான்கு மாதம் இருப்பவருக்கு அது இலவசம் இல்லை. முந்தைய குடித்தனக்காரரின் இணைப்பு உயிரோடு இருந்தால் அதை ஓனர் பெயரில் தொடரச் சொல்வதே சுலபம்.

காலி செய்வதற்கு 30 நாள் முன் நோட்டீஸ் அனுப்பும்போதே, அக்ரிமென்டின் முன்பண வரியையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்ற பதில் அநேகமாக வரும், ஏனென்றால் உங்கள் அட்வான்ஸ் எப்போதோ செலவாகியிருக்கும். அதற்கு அவகாசம் கொடுக்கத்தான் இந்த முப்பது நாள். கடைசி மாத வாடகையைக் கழித்தபின் நிற்கும் தொகை சிறியதாக இருந்தால் பெரும்பாலும் சாவி கொடுக்கும் அன்றே யூபிஐயில் வந்துவிடும். வராவிட்டால், சாவி ஒப்படைத்ததற்குத் தேதியோடு ஒரு வரி கையெழுத்து வாங்குங்கள். வாடகை அதிகாரியிடம் மனு போட அது வேண்டும்.